செல்வம் அண்ணை எடுக்காமல் வைத்திருந்த பதிவுத் தபால்

1. பாப்பம்

இந்தப் பிரெஞ்சு நாட்டில், லா சப்பல் கடைத்தெருக் குசினிகளில் நிற்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் கொத்துரொட்டி போடத் தெரியும், கோபப்படத் தெரியும், அவ்வளவுதான். அடுப்படியில் இத்தனை வருசம் நின்றவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் இந்தக் கதையில் நான் யார் யாரோடெல்லாம் கோபப்பட்டேனோ, அவர்கள் எல்லோருக்கும் இன்று நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் பேனை எடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடையில் ஒரு மேசை கூட வெறுமையாக இல்லை. ஏப்ரன் பைக்குள் ரெலிபோன் அடித்தபடி இருந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது என்னுடைய சட்டம். மூன்றாம் தரமும் அடித்ததும் கத்திக்கொண்டு எடுத்தேன். என் மகள் ஆரணி.

"அப்பா, அம்மா விழுந்திட்டா. வாய் ஒரு பக்கமா இழுக்குது. அம்புலன்சுக்கு அடிச்சிட்டன்."

கையில் இருந்த தட்டகப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் முதலாளி செல்வம் அண்ணை கல்லாவை விட்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் ஏப்ரனைத் தானே அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ரவி, நீ ஓடு. அடுப்பை நான் பாக்கிறன்."

என் மனைவி சுகந்திக்கு மூளையில் இரத்தம் அடைத்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதுவரை அவள் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற வேலைக்கு விடிய எழும்பி ஓடிக்கொண்டிருந்தவள். இரண்டு கிழமை ஆஸ்பத்திரி, பிறகு ஒரு மாதம் பயிற்சி நிலையம், அதன் பிறகு நகருக்கு வெளியே கூசேன்வில்லில் எங்கள் வீடு. அந்த முதல் இரண்டு கிழமையும் செல்வம் அண்ணை என்னை வேலைக்கு வா என்று கேட்கவே இல்லை. சோறும் கறியும் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் திட்டுவீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் சொன்னது இதுதான். காலைப் பற்றிப் பயம் இல்லை, நடப்பாள். கைதான் பிந்தும். வருகிற மாதங்களில் ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்தால் வரும். விட்டால் அப்படியே மடங்கி நின்றுவிடும். பயிற்சி கொடுக்கிறவரை இங்கே கினே என்போம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கினேயிடம் மாலை ஐந்து மணி ஒன்றுதான் காலியாக இருந்தது.

அங்கேதான் சிக்கல். குசினி வேலை செய்கிற உங்களுக்குக் கூப்யூர் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வேலை. பிறகு மூன்று மணித்தியாலம் இடைவெளி. திரும்ப ஆறு மணிக்கு வந்து கடை பூட்டும் வரை நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் கார் து நோர் நிலையத்துக்கு நடந்து, றெயில் ஏறி, கூசேன்வில் போய், சுகந்தியைக் கினேயிடம் கூட்டிப் போய்த் திரும்பி ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க ஏலாது. இரண்டு தரம் ஓடிப் பார்த்தேன். இரண்டு தரமும் பிந்தி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே ஆரணிதான் கூட்டிப் போனாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம். மாலை வகுப்புகளை ஒவ்வொன்றாக விட்டாள். கேட்டால் "சா வா, பாப்பா" என்பாள். ஒன்றும் இல்லை அப்பா, பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்கிற பிள்ளையின் முகமா அது?

எனக்கு வேண்டியது சின்ன விசயம். காலை எட்டு மணிக்கு வந்து இடைவெளி இல்லாமல் மூன்றரை வரை வேலை செய்துவிட்டுப் போவது. மாலை வேலையை மற்றச் சமையல்காரன் யோகன் பார்க்கலாம். நான் செல்வம் அண்ணையிடம் கேட்டேன்.

"பாப்பம்" என்றார்.

பத்து நாள் கழித்துத் திரும்பக் கேட்டேன். "பாப்பம் ரவி" என்றார். மூன்றாம் தரம் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஓமோம், பாப்பம்" என்றார்.

எங்கள் ஆட்களிடம் பாப்பம் என்று ஒரு பதில் வந்தால் அதற்கு மேல் போக வழியில்லை. ஓம் என்றால் செய்யலாம், ஏலாது என்றால் சண்டை பிடிக்கலாம். பாப்பம் என்கிறவரோடு என்ன செய்வது?

2. மூன்று கேள்விகள்

பயிற்சி நிலையத்தில் குடும்பங்களின் அலுவல் பார்க்கிற ஒரு பிரெஞ்சு அம்மா இருந்தா. சமூக உதவியாளர். மாதம் ஒருமுறை எங்களைக் கூப்பிடுவா. அன்றைக்குச் சுகந்தியோடு ஆரணியும் நானும் போயிருந்தோம். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. வெங்காயம், தட்டு, கெதியா என்கிற அளவில்தான் ஓடும். ஆரணி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

"அப்பா, பின்னேரம் அம்மாவோடை ஆர் நிக்கிறது எண்டு கேக்கிறா."

"நீதானே. சொல்லு."

ஆரணி சொன்னாள். அந்த அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு ஆரணியைப் பார்த்தா. என்ன படிக்கிறாய், எத்தனை வகுப்பு விட்டாய் என்று கேட்டிருக்க வேண்டும். ஆரணி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. கண் கலங்கியது மட்டும் எனக்கு விளங்கியது.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி மூன்று கேள்வி கேட்டா. முதலாளியிடம் நேரம் மாற்றக் கேட்டீர்களா? கேட்டேன். மறுத்தாரா? இல்லை. ஓம் என்றாரா? இல்லை.

"முதலாளி நல்ல மனுசன் எண்டு சொல்லு, பிள்ளை. எனக்கு எவ்வளவோ செய்தவர் எண்டு சொல்லு."

ஆரணி சொன்னாள். அந்த அம்மா சிரித்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னா.

"அப்பா, அவர் நல்லவரோ கெட்டவரோ எண்டது அவவுக்குத் தேவையில்லையாம். வலுவிழந்த ஒரு ஆளைப் பாக்கிற குடும்பத்தவர் வேலை நேரத்தை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாமாம். சட்டத்திலை இருக்காம். அது உங்கடை உரிமையாம். ஆனா எழுத்திலை கேக்கட்டாம். எழுத்திலை கேட்டா அவரும் ஓமோ இல்லையோ எண்டு ஒரு பதில் சொல்லத்தான் வேணுமாம்."

அதற்கு முதலில் சுகந்தியின் நிலைமையை அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பத்திரம் வேண்டும் என்றா. அந்தக் கட்டுப் படிவங்களைத் தானே நிரப்பி அனுப்பினா. பத்திரம் வந்தது. ஆரணி கடிதம் எழுதினாள். இன்ன நேரம் வந்து இன்ன நேரம் போக விரும்புகிறேன், காரணம் இது, பத்திரத்தின் பிரதி இது. ஒரு பக்கம்தான். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை.

கடிதத்தைக் கையில் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தா. செல்வம் அண்ணைக்கு முன்னால் போய் நின்று, "இதை வாங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கோ" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாய் கிழியக் கத்துகிற நான், இதற்குப் பயந்தேன். கூசேன்வில் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். இந்தக் கதையில் உள்ள மொக்கு வேலை, மடத்தனம், முழுக்க அதுதான்.

3. எங்கள் ஆட்களும் ரெக்கமாந்தேயும்

ஏன் மொக்கு வேலை என்று சொல்கிறேன். பதிவுத் தபாலை இங்கே ரெக்கமாந்தே என்போம். என் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பயம் பிடிக்கும். நாங்கள் வந்த காலத்தில் அகதி வழக்கின் முடிவு அப்படித்தான் வரும். தபால்காரர் வரும்போது நாங்கள் எங்கேயாவது கோப்பை கழுவிக்கொண்டு நிற்போம். வீட்டுக்கு வந்தால் பெட்டிக்குள் ஒரு துண்டு கிடக்கும். உமக்கு ஒரு பதிவுத் தபால், பதினைந்து நாளுக்குள் தபாற்கந்தோருக்கு வந்து எடு, இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும்.

எடுத்துப் பார்த்தால் நிராகரிப்பு என்று இருக்குமோ என்ற பயத்தில் எத்தனை பேர் அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் தெரியுமா? எடுக்காவிட்டால் வராதது மாதிரி ஒரு நினைப்பு. மடத்தனம்தான். ஆனால் பயந்தவனுக்கு அந்த நேரம் மூளை அப்படித்தான் ஓடும்.

நானும் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதினாலு நாள். அப்போது செல்வம் அண்ணையும் நானும் ஒரு பிரெஞ்சுக்காரரின் குசினியில் கோப்பை கழுவுகிறோம். அவர் எனக்கு ஆறு வயது மூப்பு, எனக்கு முதல் வந்தவர், அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். பதினைந்தாம் நாள் என் சட்டைப் பையில் இருந்து துண்டு விழுந்ததைக் கண்டார். என்னைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டுக் கழுத்தில் பிடித்துத் தள்ளாத குறையாகத் தபாற்கந்தோருக்குக் கூட்டிப் போனார். உறையைப் பிரித்தவரும் அவர்தான். என்னை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வாசலில் வைத்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

இதெல்லாம் தெரிந்த நான், அதே மனுசனுக்கு ரெக்கமாந்தே அனுப்பினேன். அனுப்பும்போது இது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கை கொடுக்கிற வேலையைத் தபால்காரர் தலையில் போட்டுவிட்ட நிம்மதி மட்டும்தான் இருந்தது.

4. பதினைந்து நாள்

பதிவுத் தபாலை ஆள் எடுத்ததும் கையெழுத்தோடு ஒரு மட்டை அனுப்பியவருக்குத் திரும்பி வரும். நான் ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைப் பார்த்தேன். மட்டை வரவில்லை.

ஆனால் செல்வம் அண்ணை மாறிப் போனார். செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு வந்தவர் எனக்கு வணக்கமும் சொல்லவில்லை. பகிடி விடாமல் ஒரு நாள் இருக்க மாட்டாதவர், ஊமையாகத் திரிந்தார். பழைய காகிதங்கள் இருக்கிற மேசை லாச்சியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் உள்ளே போனால் மூடினார். ஒரு நாள் கணக்காளரோடு ரெலிபோனில் இரகசியமாகக் கதைத்தார். "பதினேழு வருசமா நடக்குது, ஒரு பிழையும் விடேல்லை நான்" என்று சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

நான் அந்தக் கடையில் வேலை செய்வதும் பதினேழு வருசம். எனக்கு வேறு என்ன நினைக்கத் தோன்றும்? மட்டைதான் பிந்துகிறது, கடிதம் கிடைத்துவிட்டது, மனுசன் என்னை வேலையால் நிறுத்தப் போகிறார் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் ஏறியது. நானும் கதைக்காமல் விட்டேன். மூன்று மீற்றர் இடைவெளியில் நின்று இரண்டு பேரும் யோகன் மூலம் கதைத்தோம்.

"யோகன், உப்பு முடிஞ்சுதெண்டு முதலாளியிட்டைச் சொல்லு."

"யோகன், உப்பு பின்னுக்கு இருக்கெண்டு அவரிட்டைச் சொல்லு."

யோகன் பாவம். "நீங்கள் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையளே?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வீட்டில் சுகந்தியின் விரல்கள் உள்நோக்கி மடங்கத் தொடங்கியிருந்தன. கினே கூட, வீட்டிலும் மாலையில் ஒரு மணித்தியாலம் விரல்களை நீட்டிவிட வேண்டும் என்று ஆரணியிடம் சொல்லியனுப்பினார். ஆரணிக்குப் பல்கலைக்கழகச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, படிக்கிற பிள்ளையை மறிக்காதேங்கோ. எனக்கு இடக்கை இருக்குத்தானே."

அதைக் கேட்டு நான் குளியலறைக்குள் போய் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது? அழுதேன்.

5. வாசி

பதினைந்தாவது நாளும் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு மத்தியான வேலை முடிந்து நான் சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தேன். செல்வம் அண்ணை வந்து முன்னால் நின்றார். சவரம் செய்யவில்லை. கண் உள்ளே போயிருந்தது. சட்டைப் பைக்குள் இருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்தார்.

"ரவி, ஆரிட்டையும் சொல்லாதை. உதைப் பார்."

தபாற்கந்தோர்த் துண்டு. அனுப்பியவர் பெயர் எழுதுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. திகதியைப் பார்த்தேன். கடை பூட்டியிருக்கிற திங்கட்கிழமை. என் கடிதம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய திங்கட்கிழமை. மனுசன் கடிதத்தை எடுக்கவே இல்லை!

"இண்டைக்குத்தான் கடைசி நாள்" என்றார். "கடையைப் பூட்டச் சொல்லித்தான் வந்திருக்கு. புகைக்கூடு சரியில்லையெண்டு போன வருசம் சோதிக்க வந்த ஒருத்தன் எழுதிக்கொண்டு போனவன். உதுதான் அது. என்னாலை போய் எடுக்கேலாமல் கிடக்கு ரவி. கால் வருகுதில்லை."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். "அண்ணை, உது..." என்று தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. பதினைந்து நாளாக அடக்கி வைத்ததெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. "வாங்கோ, போவம்" என்று மட்டும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் கோவிலைக் கடக்கும்போது நின்று, செருப்பைக் கழற்றி, தெருவில் வைத்தே ஒரு கும்பிடு போட்டார். "பிள்ளையாரே, கடையை மட்டும் விட்டுத் தா" என்று வாய்விட்டுக் கேட்டார். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. "அண்ணை, நான் ஒண்டு சொல்லவேணும்" என்று திரும்பத் தொடங்கினேன். "பேந்து சொல்லு, பூட்டப் போறாங்கள்" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்.

கந்தோரில் வரிசையில் நின்றோம். அடையாள அட்டையைக் காட்டினார், கையெழுத்து வைத்தார். உறையைப் பிரித்துக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடியைக் கடையிலை விட்டிட்டன். நீ வாசி. உள்ளதை உள்ளபடி தமிழிலை சொல்லு."

என் கடிதத்தை நானே அவருக்கு வாசிக்க வேண்டும். இப்படி ஒரு தண்டனை எதிரிக்கும் வரக்கூடாது.

"'ஐயா, நான் உங்கடை கடையிலை பதினேழு வருசமாச் சமையல்காரனா வேலை செய்யிறன்.'"

"ஆர்?"

"பொறுங்கோ அண்ணை, வாசிக்கிறன். 'என்ரை மனுசிக்கு வலது கையும் காலும் ஏலாமல் போட்டுது. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்...'"

"ஆற்றை மனுசி?"

"என்ரை, அண்ணை."

அவர் பக்கத்தில் கிடந்த நீள வாங்கில் குந்திவிட்டார். நான் நின்றபடியே கடைசி வரிவரை வாசித்தேன். எட்டு மணி, மூன்றரை மணி, பத்திரத்தின் பிரதி, எல்லாவற்றையும். முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

"கோதாரி!" என்று எழும்பினார். "கோதாரி! பதினைஞ்சு நாள் நான் கண் மூடேல்லை! சோறு இறங்கேல்லை! என்ரை குசினிக்கை நிண்டுகொண்டு, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, எனக்கே ரெக்கமாந்தே அனுப்பியிருக்கிறான்! பாருங்கோ ஆக்களே, உவனைப் பாருங்கோ!"

லா சப்பல் தபாற்கந்தோர் வரிசையில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அதைக் கண்டு செல்வம் அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கடை போகவில்லை என்கிற நிம்மதி அது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது.

"வாயாலை கேட்டா நான் தந்திருக்க மாட்டனே ரவி?"

"கேட்டனான் அண்ணை. மூண்டு தரம்."

"நான் என்ன சொன்னனான்?"

"பாப்பம் எண்டனீங்கள்."

நடந்துகொண்டே சொன்னார். "பின்னேரம் முழுக்க யோகன்ரை தலையிலை போட்டா அவன் விட்டிட்டுப் போயிடுவான் எண்டு பயந்தனான். உனக்கு ஏலாது எண்டு சொல்லவும் வாய் வரேல்லை. அதுதான்." பிறகு நின்று என்னைப் பார்த்தார். "ஆனா உது எனக்கு நோகுது. நீ என்னை நம்பேல்லை."

அன்றைக்கு நான் கோபப்படாமல் பேசினேன். என் வாழ்க்கையில் அப்படிப் பேசிய நாட்கள் குறைவு.

"அண்ணை, நீங்கள் எனக்குச் செய்ததை நான் சாகும் வரைக்கும் மறக்கேலாது. உங்களை நம்பாமல் இல்லை. ஆனா உது சுகந்தின்ரை கை. அதை உங்கடை நல்ல மனசிலை மட்டும் விட்டிட்டு நான் இருக்கேலாது. நாளைக்கு நீங்கள் வருத்தமாப் படுத்தாலும், வேறை ஆரும் கடையை எடுத்தாலும், அந்த அஞ்சு மணி அவளுக்கு இருக்கவேணும். உதவி எண்டு கேட்டா நீங்கள் தாறவரைக்கும்தான் இருக்கும். அதுதான் உரிமையாக் கேட்டனான்."

"என்னைக் கோட்டுக்கு இழுக்க இல்லையே?"

"சீச்சீ! ஒரு பதிலுக்கு அண்ணை. ஓம் எண்டோ இல்லை எண்டோ."

அவர் கடிதத்தை என் கையில் இருந்து வாங்கி, அந்தத் துண்டு இருந்த அதே பைக்குள் வைத்துக்கொண்டார். கடை வாசலுக்கு வரும் மட்டும் என் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

6. பதில்

உள்ளே போனதும் போகாததுமாக யோகனைக் கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னார். யோகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப எனக்குப் பின்னேர வேலை மட்டுமோ? காலமை எழும்பத் தேவையில்லையோ?"

"ஓம். ஏலுமோ உனக்கு?"

"அண்ணை, நான் ரெண்டு வருசமா அதைக் கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு திரியிறன்!"

மூன்று பேரும் உள்ளதை வாய்விட்டுச் சொல்லாததற்கு என் மனுசியின் விரல் மடங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். என்னையும் சேர்த்துத்தான் எரிச்சல்.

மூன்றாம் நாள் எழுத்தில் பதில் தந்தார். கணக்காளரைக் கொண்டு என் வேலை ஒப்பந்தத்துக்கு ஓர் இணைப்பு எழுதுவித்திருந்தார். எட்டிலிருந்து மூன்றரை வரை. பிள்ளையார் கோவில் தேருக்கு முதல் நாளும் தேரன்றும் மட்டும் பழையபடி இரண்டு வேளையும் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தேரன்று லா சப்பல் முழுக்கச் சனம், அவர் கேட்டது நியாயம். சந்தோசமாகக் கையெழுத்து வைத்தேன்.

அதன் பிறகு நாலு மணிக்கு றெயில், ஐந்து மணிக்கு கினே. வரும்போது கடையில் இருந்து ஒரு பிடி ரொட்டி மாவை பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வருவேன். சுகந்தி அதை வலக்கையால் பிசைவாள். முதலில் மாவில் ஒரு பள்ளம் கூட விழாது. ஒரு மாதத்தில் விரல் அடையாளம் விழுந்தது. கினே அதைக் கண்டுவிட்டு, தான் தருகிற பயிற்சிக் களிமண்ணை விட இது நல்லது என்று சொன்னார். செல்வம் அண்ணை அதைக் கேள்விப்பட்டு, ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு மாவைத் தானே உருட்டிப் பையில் போட்டு வைக்கத் தொடங்கினார். ஆரணி விட்ட வகுப்புகளை அடுத்த வருசம் எடுத்துப் படித்து முடித்தாள். இப்போது சென் தெனியில் ஒரு கந்தோரில் வேலை.

7. படித்த பாடம்

தம்பி தங்கச்சிமார், நான் படித்தது இவ்வளவுதான். வீட்டில் ஏலாத ஆளை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதேங்கோ. உங்கள் நிலைமைக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் கேளுங்கோ. மணியைச் சரியாகக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கோ. முதலாளி நல்லவராக இருந்தால் எழுதக் கூடாது என்று நினைக்காதேங்கோ, நல்லவருக்கும் பதில் சொல்ல ஒரு காகிதம் தேவைப்படுகிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தபாலில் மட்டும் அனுப்பாதேங்கோ. நேரில் போய்க் கையில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கோ. என்னை மாதிரிப் பயந்தால் ஒரு மனுசனின் பதினைந்து நாள் நித்திரை போகும்.

பயிற்சி நிலையத்து அம்மாவுக்கு நன்றி. யோகனுக்கு நன்றி. ஆரணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாது.

நான் போன வருசம் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். விலகல் கடிதத்தைச் செல்வம் அண்ணையின் கையில்தான் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரு காலை, நான் குசினியில் சம்பல் அரைத்துக்கொண்டிருக்க, வீட்டு மணி அடித்தது. சுகந்தி போய்க் கதவைத் திறந்தாள். தபால்காரரின் குரல் கேட்டது. ரெக்கமாந்தே என்ற சொல்லும் கேட்டது. அரைத்ததை அப்படியே விட்டுவிட்டுக் கத்தினேன்.

"ஆற்றை கடிதம்? பொறும், நான் வாறன்!"

"நான் கையெழுத்து வைச்சு எடுத்திட்டன்" என்றபடி உறையோடு வந்தாள்.

செல்வம் அண்ணையின் கையெழுத்து. தமிழில், பேனையால்.

"ரவி, நீ அனுப்பின கடிதத்துக்கு அண்டைக்கு நான் உன்னை ஏசினன், நன்றி சொல்லேல்லை. அதுக்குப் பிறகு கடையிலை நாலு பேர் என்னட்டை நேரம் மாத்திக் கேட்டவை. ஒருத்தருக்கும் நான் பாப்பம் எண்டு சொல்லேல்லை. வாற வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரவும். பதிலை எழுத்திலை அனுப்பவும்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பேனை தேடி எடுத்தேன். சுகந்தி அதை என் கையில் இருந்து வாங்கினாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வலக்கையால், ஒவ்வொரு எழுத்தாக "வாறம் அண்ணை" என்று எழுதினாள். எழுத்துகள் கொஞ்சம் சரிந்திருந்தன. அதை உறையில் போட்டு, கூசேன்வில் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.